பார்க்காத இடத்தில் நோய் இல்லையா?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் முதியவர் ஒருவரின் பார்வை மங்கும்போது வீட்டார் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டுதான். கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது என்பது ஒன்று. வயசாகிவிட்டது என்பது மற்றொன்று. முதலாவது கண்புரை. அதற்கு அறுவைச் சிகிச்சை உண்டு, உள்ளே வில்லை வைத்தால் பார்வை திரும்பும் என்பது இன்று தொழிலாளர் வாழும் எல்லா லயத்துக்கும் தெரிந்த செய்தி. இரண்டாவதை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு மருந்து தேடுவதுமில்லை. ஆனால் வயது என்று ஒதுக்கப்படும் அந்தப் பார்வைக் குறைவுக்குள் ஒரு நோய் இருக்கக்கூடும். விழித்திரையின் நடுப்பகுதியான மக்யூலா முதுமையில் சிதையும் நோய் அது. 2020இல் உலகில் ஏறத்தாழ 19 கோடியே 60 இலட்சம் பேருக்கு இந்நோய் இருக்கும், 2040இல் அது 28 கோடியே 80 இலட்சமாகும் என்று 2014இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்த ஆய்வு கணித்தது. இருந்தும், இது ஐரோப்பியரின் நோய், நம்மிடையே அபூர்வம் என்ற எண்ணம் மருத்துவ உலகிலேயே நெடுங்காலம் இருந்தது. அந்த எண்ணத்தில் ஓரளவு உண்மை உண்டு. மீதியோ, விழித்திரையைப் படம்பிடிக்கும் கருவி நம் மலைகளுக்குப் போதிய அளவு வந்து சேராததால் ஏற்பட்ட தோற்றம். இதை நிறுவுவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

முதலில் நோயைப் பார்ப்போம். மக்யூலா, விழித்திரையின் நடுவே ஐந்தரை மில்லிமீற்றர் அளவே அகலமுள்ள வட்டம். அதன் மையத்தில் கூம்புக் கலங்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. எழுத்தை வாசிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் ஊசியில் நூல் கோர்ப்பதும் இந்தச் சிறு பரப்பின் தயவால்தான். ஒளியை உணரும் கலங்கள் தம் நுனிப்பகுதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை நாள்தோறும் உதிர்த்துப் புதுப்பிக்கின்றன. உதிர்ந்ததை, பின்னால் ஒற்றைப் படையாக நிற்கும் நிறமி மேலணி விழுங்கிச் செரிக்கிறது. அதன் பின்னால் புரூக் மென்சவ்வு, அதற்கும் பின்னால் இரத்தக் குழாய்கள் நிறைந்த கோரொயிட் படை. எழுபது, எண்பது ஆண்டுகள் ஒரு நாளும் நிற்காமல் நடக்கும் வேலை இது. முதுமையில் இந்தத் துப்புரவு தளர்கிறது. கொழுப்பும் புரதமும் கலந்த மஞ்சள் நிறப் படிவுகள் நிறமி மேலணிக்கு அடியில் சேர்கின்றன. டிரூசன் எனப்படும் இப்படிவுகளே நோயின் முதல் அடையாளம். இவை சேரும் ஆண்டுகளில் நோயாளிக்கு அநேகமாக எதுவும் தெரிவதில்லை. பிறகு நோய் இரண்டு பாதைகளில் முற்றலாம். நிறமி மேலணி திட்டுத்திட்டாகச் செத்து, அதை நம்பியிருந்த கூம்புக் கலங்களும் மெல்ல மடிவது உலர்வகை. கோரொயிட்டிலிருந்து புதிய இரத்தக் குழாய்கள் முளைத்து மேலே வந்து, கசிந்து, சில வாரங்களிலேயே நடுப் பார்வையைக் கெடுப்பது ஈரவகை.

இரண்டிலும் ஓரப் பார்வை மிஞ்சுகிறது. இதுவே இந்நோயைக் கண்டுகொள்ள விடாத பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நடுப் பார்வையை இழந்த ஒரு மூதாட்டி லயத்துப் படிகளில் தடுக்காமல் இறங்குவார், தண்ணீர்ப் பீலிக்குப் போய் வருவார், பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பார். ஆனால் எதிரே வருபவரின் முகம் தெரியாது. குரல் கேட்டுத்தான் ஆளை அறிவார். கிளினிக் அட்டையில் எழுதியிருப்பது தெரியாது. இரண்டு மாத்திரைகளில் எது எதுவெனப் பிரிக்க முடியாது. இன்னும் மலைக்குப் போகிறவராக இருந்தால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைப் பார்த்துக் கிள்ளுவதற்குப் பதில் விரல் பழக்கத்தால் பறிப்பார். நோய் பெரும்பாலும் ஒரு கண்ணில் முந்துவதால், மற்றக் கண் நெடுநாள் ஈடுகட்டிவிடும். நல்லாத்தானே நடமாடுகிறார் என்று வீட்டார் ஆறுதல் கொள்வதில் தவறில்லை. வெளியே தெரிவது அவ்வளவுதான். ஆகவே நோயாளியின் முறைப்பாட்டையோ நடையையோ வைத்து இந்நோயை எண்ண முடியாது. கண்ணின் பின்சுவரைப் பார்த்தாக வேண்டும்.

இந்நோயின் வரலாறும் அப்படிப் பார்க்க முடிந்ததன் வரலாறுதான். உயிருள்ள மனிதனின் விழித்திரையைக் காணும் கருவியை ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் ஃபொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் அறிவித்தார். அதற்குமுன் விழித்திரை நோய் என்றால் இறந்தவரின் கண்ணில் தேடுவதுதான். 1874இல் லண்டனில் ஜொனதன் ஹட்சின்சனும் வாரன் டேயும், முதியவர்களின் இரு கண்களிலும் மையத்தில் ஒத்த விதமாகத் தோன்றும் சிதைவை விவரித்தனர். இலங்கையின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கி அப்போது ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹட்சின்சன் காலத்து மருத்துவர் கண்டதைக் கையால் வரைந்தே காட்ட முடிந்தது. வரைந்தவரின் கண்ணும் கையும் எவ்வளவு தேர்ந்தவையானாலும், அந்தப் படத்தை இன்னொருவர் சரிபார்க்க வழியில்லை. 1926இல் சைஸ் நிறுவனமும் ஸ்வீடன் நாட்டு நோர்டென்சனும் விழித்திரைக் கேமராவைக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1961இல் அமெரிக்காவில் நொவொட்னியும் அல்விஸும் ஃப்ளூரெசின் சாயத்தை நாளத்தில் ஏற்றி, விழித்திரைக் குழாய்களில் அது ஓடுவதையும் கசிவதையும் தொடர் ஒளிப்படங்களாக எடுத்துக் காட்டினர். 1991இல் விஸ்கொன்சின் ஆய்வாளர்கள் ஒளிப்படத்தைப் பார்த்து நோயைத் தரப்படுத்தும் முறையொன்றை வகுத்தனர். இதன் பயன் பெரிது. ஒரு கண் நோயாளியோடு வீடு திரும்பிய பிறகும் அதன் படம் மிஞ்சுகிறது. வேறு ஊரிலிருக்கும் ஒருவர், யாருடைய கண் என்று அறியாமலே, அதைத் தரப்படுத்தலாம். பத்தாண்டு கழித்தும் மீண்டும் பார்க்கலாம்.

அந்தப் படத்தில் என்ன வாசிக்கிறார்கள்? முதலில் டிரூசனின் அளவு. 2013இல் வகுக்கப்பட்ட பெக்மன் வகைப்பாட்டின்படி 63 மைக்ரோனுக்குக் குறைந்த புள்ளிகள் இயல்பான முதுமை. 63 முதல் 125 வரை என்றால் தொடக்கநிலை நோய். 125ஐத் தாண்டினால், அல்லது நிறமியில் குலைவு தெரிந்தால், இடைநிலை. விழிநரம்பு வெளியேறும் வட்டின் விளிம்பில் ஒரு பெரிய நாளத்தின் தடிமன் ஏறத்தாழ 125 மைக்ரோன் என்பதால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இடைநிலையில் உள்ளவர்கூட செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருப்பார். ஆனால் அவருடைய இரு கண்களின் படங்கள் அவருக்கு வரப்போவதைச் சொல்லிவிடுகின்றன. அமெரிக்காவின் பெரிய சிகிச்சை ஆய்வான ஏரெட்ஸ் குழு 2005இல் ஓர் எளிய கணக்கைத் தந்தது. பெரிய டிரூசன் உள்ள ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு புள்ளி, நிறமிக் குலைவுள்ள ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு புள்ளி. மொத்தம் பூச்சியம் என்றால் ஐந்தாண்டுக்குள் நோய் முற்றும் வாய்ப்பு அரை வீதம். ஒன்று என்றால் 3 வீதம், இரண்டு 12, மூன்று 25, நான்கு 50 வீதம். இரத்தமும் எடுக்காமல், மரபணுவும் பார்க்காமல், இரண்டு வண்ணப் படங்களிலிருந்து ஒருவரின் அடுத்த ஐந்தாண்டு குறித்து இவ்வளவு சொல்ல முடிவது மருத்துவத்தில் அடிக்கடி கிடைக்கும் வசதியல்ல.

வண்ணப் படம் மேற்பரப்பைக் காட்டும், ஆழத்தைக் காட்டாது. அந்தக் குறையைத் தீர்த்தது ஓசிடி எனப்படும் ஒளிக்குறுக்குவெட்டுப் படம். 1991இல் எம்.ஐ.டி.யில் ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோவின் குழு இதை வெளியிட்டது. டேவிட் ஹுவாங், எரிக் ஸ்வான்சன், ஃபுஜிமோட்டோ மூவருக்கும் 2023இல் லாஸ்கர் விருது கிடைத்தது. மெல்லிய அகச்சிவப்பு ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தி, வெவ்வேறு ஆழங்களிலிருந்து திரும்பும் ஒளியை ஒப்பீட்டுக் கதிரோடு குறுக்கிடச் செய்து, ஒவ்வொரு படையும் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று கணக்கிடும் முறை அது. கால் மில்லிமீற்றர் அளவே தடித்த விழித்திரையில் சில மைக்ரோன் நுணுக்கத்தோடு படைகளைப் பிரித்துக் காட்டும். ஊசி இல்லை, சாயம் இல்லை. சில விநாடிகள் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். டிரூசன் மேலணியைத் தூக்கி மேடாக நிற்பது, ஈரவகையில் திரவம் தேங்குவது, சிகிச்சை ஊசி போட்ட பின் அது வற்றுவது எல்லாம் தெரியும். நிறமி மேலணியில் சேரும் லிப்போஃபுசின் என்னும் கழிவு தானாக ஒளிர்வதைப் படமெடுக்கும் முறை, உலர்வகையில் செத்த திட்டுகளின் எல்லையைக் கருமையாக வரைந்து காட்டுகிறது. இப்படங்கள் வந்த பிறகே, இந்நோய் வருடக்கணக்கில் ஓசையின்றி நடந்து கடைசியில் மட்டும் வெளிப்படும் ஒன்று என்பது ஊகமாக இல்லாமல் கண்கண்ட உண்மையாயிற்று.

இனி நம் கேள்விக்கு வரலாம். அமெரிக்காவின் பீவர் டாம் நகரில் 1988 முதல் 1990 வரை நடந்த ஆய்வில், 43 வயதும் அதற்கு மேலும் உள்ள 4,926 பேரில் முற்றிய நோய் 1.6 வீதம். தென்னிந்தியாவில் மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை 40 வயதைத் தாண்டிய 5,150 பேரைப் பரிசோதித்த ஆய்வில் முற்றிய நோய் 0.6 வீதம், தொடக்கநிலை 2.7 வீதம். இலங்கையில் கண்டி மாவட்டத்துக் கிராமங்களில் 2006–2007இல் நடந்த கண்டி கண் ஆய்வு, 40 வயதைத் தாண்டிய 1,721 பேரைப் பட்டியலிட்டு 1,375 பேரைப் பரிசோதித்தது. பார்வைக் குறைவுக்கு முதற்காரணம் கண்புரை என்று வந்தது.  இந்த எண்களை அடுத்தடுத்து வைத்தால், தமிழ்நாட்டிலிருந்து மலைக்கு வந்த மக்களின் வழித்தோன்றல்களிடம் இந்நோய் அபூர்வம் என்ற முடிவுக்கு வருவது எளிது. ஆனால் வயதைப் பிரிக்காமல் இத்தகைய எண்களை ஒப்பிடக் கூடாது. 40 வயதுக்காரர்கள் நிறைய உள்ள ஊரில் எழுபதைத் தாண்டியவரின் நோய் சராசரியில் கரைந்துபோகும். 2010இல் வெளியான இந்தியக் கண்நோய் ஆய்வு இதைச் சரிசெய்தது. வடக்கே ஹரியானாவிலும் தெற்கே புதுச்சேரியை ஒட்டிய பகுதிகளிலும் 60 வயதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, விழித்திரைப் படங்களை முறைப்படி தரப்படுத்தியது. முற்றிய நோய் 60 முதல் 64 வயதுவரை 0.4 வீதம், 80ஐத் தாண்டியவர்களிடம் 4.6 வீதம். பீவர் டாமில் 75ஐத் தாண்டியவர்களிடம் 7.1 வீதம். வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அபூர்வம் என்று சொல்லத்தக்க வேறுபாடு அல்ல. தொடக்கநிலை நோயோ மேலைநாடுகளில் காணும் அளவுக்கே இருக்கிறது என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினர்.

அதே ஆய்வில் இன்னொரு எண் உண்டு. என் வாதத்துக்கு அதுவே முதன்மையானது. பரிசோதனைக்கு வந்தவர்கள் 5,853 பேர். அவர்களில் 1,587 பேரின் படங்களைத் தரப்படுத்தவே முடியவில்லை. பெரும்பாலும் கண்புரைதான் காரணம். நாலில் ஒருவருக்கும் மேல். ஒளிபுகாத வில்லை ஒளியை உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது. கேமராவுக்கும் அது சுவர்தான். இவர்கள் யார்? கண்புரை முற்றியவர்கள், அதாவது சராசரியில் மற்றவர்களைவிட வயது கூடியவர்கள், அதாவது மக்யூலாச் சிதைவு இருப்பதற்கு அதிக வாய்ப்புள்ளவர்கள். கணக்கிலிருந்து விடுபட்டவர்கள் குருட்டாம்போக்கில் விடுபடவில்லை. நோய் மிகுந்திருக்கக்கூடிய பக்கத்திலிருந்தே விடுபட்டிருக்கிறார்கள். நுவரெலியாவில் பனி இறங்கிய காலையில் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, கீழே லயங்கள் குறைவு என்று யாரும் எழுதிவைக்க மாட்டார்கள். கண்புரை மூடிய கண்களைத் தவிர்த்துவிட்டு விழித்திரை நோய் குறைவு என்று சொல்வதும் அப்படித்தான். இதோடு பரிசோதனைக்கே வராதவர்களைச் சேர்க்க வேண்டும். கண்டி ஆய்வில் அவர்கள் ஐந்தில் ஒருவர். இந்திய ஆய்விலும் ஏறத்தாழ அப்படியே. பார்வை போய் வீட்டோடு கிடப்பவரும் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, இழக்க முடியாத தொழிலாளியும் இத்தகைய முகாமுக்கு வருவது கடினம். கண்டி ஆய்வு நடந்தது கண்டி மாவட்டத்தில். 2012 குடிசன மதிப்பீட்டில் பாதிக்கும் மேற்பட்டோர் மலையகத் தமிழராகப் பதிவான நுவரெலியா மாவட்டம் அதற்குள் வரவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். விடுபட்டவர்களை எப்படிச் சேர்த்தாலும், தோட்டங்களில் எண்பது வயதைக் காண்பவர்கள் எத்தனை பேர்? நோய் வருமுன்பே வாழ்வு முடிந்துவிடும் சமூகத்தில் இது சிறு பிரச்சினைதானே? கடந்த காலத்துக்கு இம்மறுப்பு பெருமளவு பொருந்தும். அபூர்வம் என்ற எண்ணத்தில் உள்ள உண்மையும் இதுவே. ஆனால் 2012இலேயே இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம், தெற்காசியாவில் மிக விரைவாக முதுமையடையும் நாடுகளில் இது ஒன்று. தோட்டங்களிலோ இளையவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போக, முதியவர்களே லயங்களில் தங்குகிறார்கள். அடுத்த மறுப்பு மரபணு பற்றியது. 2005இல் கண்டறியப்பட்ட சி.எஃப்.எச். மரபணு மாற்றம் ஐரோப்பியரிடம் இந்நோயின் வாய்ப்பை நன்கு கூட்டுகிறது. சீனர், யப்பானியரிடம் அந்த மாற்றம் மிகக் குறைவு. ஆனால் ஆசியர் என்று எல்லோரையும் ஒன்றாகக் கட்ட முடியாது. இந்திய நோயாளிகளிடம் அதே மாற்றத்துக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பதை ஹைதராபாத் ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டே காட்டினர்.

எதைத் தேடுகிறோம் என்பதிலும் சிக்கல் இருக்கிறது. விஸ்கொன்சினில் வகுத்த அளவுகோல் அங்கத்தைய கண்களைப் பார்த்து வகுத்தது. டிரூசனே அதன் மையம். ஆசியக் கண்களில் ஈரவகை நோயின் கணிசமான பகுதி வேறு உருவில் வருகிறது. கோரொயிட் குழாய்களின் நுனி குமிழ்போலப் புடைத்து, திடீரென இரத்தம் கசியும் பாலிபாய்டல் வகை அது. பல வேளைகளில் பெரிய டிரூசன் எதுவும் இருக்காது. வண்ணப் படத்தில் செம்மஞ்சள் முடிச்சாகத் தெரியலாம்; உறுதி செய்ய இந்தோசயனின் பச்சைச் சாயம் செலுத்திக் கோரொயிட்டைப் படமெடுக்க வேண்டும், அல்லது தேர்ந்த கண்ணோடு ஓசிடியை வாசிக்க வேண்டும். டிரூசனை மட்டும் எண்ணும் ஆய்வு இந்த நோயாளியை அவர் பார்வை இழக்கும் நாள்வரை ஆரோக்கியமானவர் என்றே வைத்திருக்கும்.

மலையகத்துக்கே உரிய காரணங்கள் உண்டா என்று கேட்பவர்களுக்கு, ஆர்வத்தைவிட நிதானம் வேண்டும் என்பேன். உயரம் கூடும்போது புற ஊதாக் கதிர் கூடும். ஆயிரம் மீற்றருக்குச் சுமார் பத்து வீதம். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காலை முதல் மாலைவரை மலையில் நிற்கும் கொழுந்து பறிப்பவரின் கண்ணுக்கு அதனால் கேடு என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் முதிர்ந்தவரின் வில்லை புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடும். விழித்திரையை அடைவது கட்புலனாகும் ஒளியே. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 838 மீனவர்களிடம் நடந்த ஆய்வு புற ஊதா–பி கதிரைக் கண்புரையின் ஒருவகையோடு தொடர்புபடுத்தியது; மக்யூலாச் சிதைவோடு அல்ல. பிற்கால வாழ்வில் பெற்ற நீல ஒளிக்கே அங்கே தொடர்பு தெரிந்தது. 2008இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், இரத்தத்தில் ஒட்சியேற்ற எதிரிகள் மிகக் குறைந்தவர்களிடம் மட்டுமே நீல ஒளி ஈரவகையோடு சேர்ந்து வந்தது. கீரையும் பழமும் போதாத உணவு என்றால் அது தோட்டத்துக்குப் பொருந்தக்கூடிய கண்டறிதல். விறகடுப்புப் புகை பெண்களிடம் கண்புரையோடு தொடர்புடையது என்று இந்தியக் கண்நோய் ஆய்வு காட்டியது. மக்யூலாவைப் பொறுத்தவரை ஐயமின்றி நிறுவப்பட்ட, மாற்றக்கூடிய காரணம் புகைபிடித்தல். மற்றவற்றைச் சோதிக்க நம்மிடம் அரியதொரு வாய்ப்பு இருக்கிறது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் பல, நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்டன. ஒரே வம்சம், ஒரே தொழில், ஏறத்தாழ ஒரே உயரம். உணவும் மருத்துவ வசதியும் வேறு. இரு பக்கமும் ஒரே கேமராவால், ஒரே அளவுகோலால் அறுபது வயதைத் தாண்டியவர்களைப் படமெடுத்து ஒப்பிட்டால், மரபு எவ்வளவு, சூழல் எவ்வளவு என்பதில் உலகத்துக்கே பயன்படும் விடை கிடைக்கும்.

மிகக் கடுமையான மறுப்பு இனிமேல்தான். நோயைப் பார்த்துவிட்டு என்ன செய்வது? குணப்படுத்த முடியாததை முன்கூட்டியே அறிவிப்பது முதியவரைக் கலங்க வைப்பதில்லையா? பதினைந்து ஆண்டுக்கும் மேலாக இம்மறுப்பு செல்லாது என்பதே என் தீர்ப்பு. ஈரவகைக்கு 2006இல் வந்த ரனிபிசுமாப் ஊசி நிலைமையை மாற்றியது. மரினா ஆய்வில் ஓராண்டு முடிவில், ஊசி பெற்றவர்களில் ஏறத்தாழ 95 வீதத்தினர் பெரிய பார்வை இழப்பிலிருந்து தப்பினர். பெறாதவர்களில் 62 வீதத்தினரே. மூன்றில் ஒருவருக்குப் பார்வை கணிசமாகக் கூடவே செய்தது. அதைவிடப் பல மடங்கு மலிவான பெவசிசுமாப் பார்வையைக் காப்பதில் அதற்கு ஈடானது என்று 2011இல் அமெரிக்காவின் கேட் ஆய்வு காட்டியது. ஆனால் வடு விழுந்த மக்யூலாவுக்கு எந்த ஊசியும் பயன்படாது. வாரங்கள்தான் இங்கே கணக்கு. உலர்வகையில், குறிப்பிட்ட அளவில் உயிர்ச்சத்தும் துத்தநாகமும் சேர்ந்த மாத்திரை இடைநிலை நோயாளிகளில் ஐந்தாண்டுக்குள் முற்றும் வாய்ப்பைக் காற்பங்கு குறைக்கிறது என்று 2001இல் ஏரெட்ஸ் கண்டது. தொடக்கநிலையிலிருந்தவர்களுக்கு அதனால் பயன் தெரியவில்லை. 2013இன் இரண்டாம் ஆய்வு, புகைபிடிப்போருக்குக் கேடான பீட்டா கரோட்டீனை நீக்கி லூட்டீனையும் சியாக்சாந்தினையும் சேர்த்தது. யாருக்கு அம்மாத்திரை வேண்டும், யாருக்கு அது வீண்செலவு என்பதைப் படம் ஒன்றே சொல்லும். புகையை விடச் சொல்வதற்கும் தன் கண்ணின் படத்தைவிட வலிய சான்று ஒருவருக்குக் கிடைக்காது.

பயணம்? ஹற்றனின் உட்தோட்டம் ஒன்றிலிருந்து மாதம் ஒருமுறை ஊசிக்காகக் கண்டிக்கோ கொழும்புக்கோ போவது, முதியவருக்கு மட்டுமல்ல, கூடப் போகும் மகளுக்கும் ஒரு நாள் பேர். இந்தத் தடையை எந்தக் கேமராவும் நீக்காது. நீக்கும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் படமெடுப்பதற்கும் சிகிச்சைக்கும் வேறுபாடு உண்டு. படம் பயணம் செய்யும். 1976இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த், பின்னாளில் கிராமப் பார்வை மையங்களில் எடுத்த படங்களையும் விவரங்களையும் நகரத்து மருத்துவருக்கு அனுப்பி, தேவையானவர்களை மட்டும் வரச்சொல்லும் முறையை நிலைநிறுத்தியது. பத்துப் பேரை வரவழைத்து ஒன்பது பேரைத் திருப்பியனுப்பாத ஏற்பாடு. இந்திய உதவியில் கட்டி 2017 மே மாதம் திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை போன்றவை இத்தகைய வலையின் நடுக்கண்ணிகளாக இருக்கத் தக்கவை. படத்தைக் கணினியே வாசித்துவிடும் என்ற நம்பிக்கையும் இப்போது வளர்ந்திருக்கிறது. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள், அரவிந்த், சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளின் படங்களையும் சேர்த்து 1,28,175 விழித்திரைப் படங்களால் ஒரு நிரலைப் பயிற்றுவித்தனர். நீரிழிவு விழித்திரை நோயை அது தேர்ந்த மருத்துவரைப் போலவே கண்டுபிடித்தது. தென்னிந்தியக் கண்கள் அந்தப் பயிற்சிக்குள் இருந்தது முக்கியம். நிறமி மிகுந்த, கருத்த விழித்திரையையும் டிரூசன் இல்லாத பாலிபாய்டல் நோயையும் போதிய அளவு பார்க்காத நிரல், மலையகத்தில் பழைய தவறையே வேகமாகச் செய்யும்.

அப்படியானால் தோட்டம் தோட்டமாகப் போய் எல்லோரையும் படமெடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. மக்யூலாச் சிதைவுக்காக மட்டும் மக்கள் திரளைச் சலித்தெடுப்பது செலவுக்கு ஈடான பயன் தராது. ஆனால் சீனி வியாதி கிளினிக்குக்கு வருபவர்களின் விழித்திரையை எப்படியும் பார்த்தாக வேண்டும். அதே படத்தில் மக்யூலாவும் இருக்கிறது. அதைவிட முக்கியமான வேளை, கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின் வருவது. புரை நீங்கிய அந்தக் கண்ணில்தான் விழித்திரை முதன்முறையாகத் தெளிவாகத் தெரிகிறது. 1,587 பேரைக் கணக்கிலிருந்து விலக்கிய தடை அங்கே அகன்றுவிட்டது. நோயாளி ஏற்கனவே வைத்தியசாலையில் இருக்கிறார். தனிப் பயணம் தேவையில்லை. அறுவைக்குப் பின் மறுபரிசோதனைக்கு வரும் அறுபது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் இரு கண்ணிலும் ஒரு வண்ணப் படம், ஐயமிருந்தால் ஓர் ஓசிடி என்று விதி செய்தால், சில ஆண்டுகளில் மலையகத்தில் இந்நோய் எவ்வளவு என்பதற்கு ஊகமல்லாத விடை கிடைக்கும். புரை எடுத்தும் பார்வை வரவில்லை, ஒப்பரேசன் சரியில்லை என்று மனம் நொந்து போகிறவர்களில் சிலருக்கு உண்மைக் காரணமும் தெரியவரும்.

அந்த விதி வரும்வரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அறுபது வயதைத் தாண்டியவர், வாசிப்புக் கண்ணாடி இருந்தால் அதை அணிந்துகொண்டு, சுவரிலுள்ள நாட்காட்டியின் கட்டங்களை ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு கண்ணை மாற்றிப் பார்க்க வேண்டும். கோடுகள் வளைந்தோ நடுவில் கறையாகவோ தெரிந்தால், அது முன்பு இல்லாத ஒன்று என்றால், அடுத்த மாத கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே கண் மருத்துவரிடம் போய், விழித்திரையைப் படமெடுத்துப் பார்க்கும்படி வாய்விட்டுக் கேளுங்கள்.